‘ஊக்கம்: இல்லை’ என்று மாதாமாதம் எழுதுகிறேன், எதைப் பார்த்து எழுதுவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரைக்கு வெளியே உள்ள ஒரு மனநல மறுவாழ்வு இல்லத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக (கைவேலை, அன்றாடச் செயல்கள் வழியே சிகிச்சை தருபவராக) சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை. ஆண்கள் பகுதியில் 34 பேர் இருக்கிறார்கள். எனக்கென்று ஒரு கூடம், இரண்டு நீள மேசைகள், ஒரு தையல் இயந்திரம், ஒரு பீரோ. காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை மருந்துக் கடைகளுக்கான சிறிய காகிதக் கவர் ஒட்டுகிறோம். மதியம் சிலர் தோட்டத்துக்குப் போவார்கள், சிலர் படுத்துவிடுவார்கள்.

என் கேள்வி ஒருவரைப் பற்றியது. ராசு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பெயரையும் அடையாளம் தரும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வயது 46. மனச்சிதைவு நோய். இல்லத்துக்கு வந்து ஒன்பது வருடம். பார்க்க யாரும் வருவதில்லை. இரவில் அந்த நோய்க்கான குளோசபின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

மாதந்தோறும் நான் நிரப்பும் படிவத்தில் ‘ஊக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நன்று, சுமார், இல்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அவருக்கு எனக்கு முன்பிருந்தவர்கள் எல்லாரும் ‘இல்லை’ என்றே குறித்திருக்கிறார்கள். நானும் ஆறு முறை அதையே குறித்துவிட்டேன். பேசிப் பார்த்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. “என்ன செய்யப் பிடிக்கும் அண்ணா?” என்றால் “எதுவானாலும்” என்பார். “தோட்டத்துக்கு வருகிறீர்களா?” என்றால் “சரி” என்பார், ஆனால் எழுந்திருக்க மாட்டார். ஆர்வப் பட்டியலை வாசித்துக் காட்டினேன்; எல்லாவற்றுக்கும் “சரி” என்றார். கவர் மடிக்கச் சொன்னால் ஒன்று மடித்துவிட்டு நிறுத்திவிடுவார். போதாததற்கு மற்றவர்கள் ஒட்டி வைத்ததைப் பிரித்துவிடுகிறார். வார்டு உதவியாளர் புகார் செய்ததால் மேசையின் கடைசிக்கு மாற்றினோம்.

இப்போது அவரைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குத் தரலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் நான் மதிப்பீடு எழுதித் தர வேண்டும். வாய் திறந்து சொல்லாதவரின் ஊக்கத்தைப் பார்த்தே மதிப்பிடும் முறை இருக்கிறது என்று கல்லூரியில் ஒரே ஒரு வகுப்பில் சொன்னார்கள். எத்தனை நிமிடம் பார்ப்பது? எதைப் பார்ப்பது? நான் பார்த்து எழுதுவது என் அபிப்பிராயமாகத்தானே இருக்கும்? அதை வைத்து ஒருவரைக் கூடத்தை விட்டு வெளியே அனுப்பலாமா? மூத்தவர்கள் வழி சொல்லுங்கள்.


தறிமேடை

தங்கைக்கு வணக்கம். இந்த வேலையில் எனக்கு 27 வருடம். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று நானும் நான்கு வருடம் எழுதியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் பெண்கள் வார்டில் இருந்தபோது ஓர் அம்மா மூன்று மாதம் தொடர்ந்து என் கூடத்துக்கு வந்தார். வயர் கூடை பின்னக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘ஈடுபாடு இல்லை’ என்று எழுதினேன். ஒரு நாள் சமையலறையில் ஆள் குறைவு என்று இரண்டு கட்டு முருங்கைக்கீரையை எங்கள் மேசையில் கொண்டுவந்து போட்டார்கள். யாரும் கூப்பிடாமல் அந்த அம்மா மேசைக்கு வந்தார். நான் அவசரத்தில் காம்போடு உருவிப் போட்டதைப் பார்த்துவிட்டு, “இப்படிப் போட்டால் யார் தின்பார்கள்?” என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அன்றைக்கு எனக்கு உறைத்தது: மூன்று மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது என் பீரோவில் என்ன இருந்தது என்பதைத்தான்.

அதனால் ராசு அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதுமுன் உங்கள் கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை பேர், என்ன சத்தம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் வேலை சொல்கிறார்கள், எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு வழி உண்டா, செய்த வேலைக்குக் கூலி உண்டா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்கிறது; செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது. கூலி இல்லாத கவரை ஒருவர் ஒட்டாமல் இருப்பதை நோய்க்குறி என்று எழுத எனக்குக் கை வராது.

நீங்கள் வகுப்பில் கேட்டது ‘வாலிஷனல் கொஸ்சனேர்’ (ஊக்கத்தை மதிப்பிடும் கேள்வித்தாள்) என்ற கருவியாக இருக்கும். அமெரிக்க தெரபிஸ்ட் கேரி கீல்ஹோஃப்னர் 1980-இல் முன்வைத்த, மனிதர் ஏன், எப்படிச் செயலில் இறங்குகிறார் என்று விளக்கும் ‘மனிதச் செயல்பாட்டு மாதிரி’யிலிருந்து வந்தது. சிலி நாட்டு தெரபிஸ்ட் கார்மென் குளோரியா டி லாஸ் ஹெராஸ் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். உங்கள் ராசு அண்ணனைப் போன்றவர்களுக்காகவே அது பிறந்தது: பேட்டியிலும் பட்டியலிலும் தன் மனத்தைச் சொல்ல முடியாதவர்களுக்காக. பெயரில் ‘கேள்வித்தாள்’ என்று இருந்தாலும் நோயாளியிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அவர் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது பார்த்து, 14 நடத்தைகளை மதிப்பிடுகிறோம். புதியதைக் கண்டால் ஆர்வம் காட்டுகிறாரா, தானே தொடங்குகிறாரா, இது வேண்டும் அது வேண்டாம் என்று காட்டுகிறாரா, சிக்கல் வந்தால் தீர்க்க முயல்கிறாரா, தவறைத் திருத்துகிறாரா, செய்ததில் பெருமிதம் தெரிகிறதா, கூடுதல் பொறுப்பைத் தேடுகிறாரா, இப்படிப் போகும்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். நான் அவற்றைத் தமிழில் இப்படிச் சொல்லிக்கொள்வேன்: சும்மா இருத்தல், தயங்கிச் செய்தல், ஈடுபட்டுச் செய்தல், தானாகச் செய்தல். நான்கையும் பிரிப்பது, எவ்வளவு துணை தேவைப்பட்டது என்பதுதான். எந்தத் துணையும் இல்லாமல் வந்தால் தானாக. கொஞ்சம் துணையோடு வந்தால் ஈடுபட்டு. நிறையத் துணை கொடுத்த பிறகு வந்தால் தயங்கி. எவ்வளவு கொடுத்தும் வராவிட்டால்தான் சும்மா. கவனியுங்கள், இதில் பாதிக் கணக்கு உங்களுடையது. நீங்கள் என்ன சொன்னீர்கள், எத்தனை முறை சொன்னீர்கள், கையைப் பிடித்துக் காட்டினீர்களா என்பதை எழுதாமல் அவருடைய நிலையைக் குறிக்கவே முடியாது.

‘ராசு அண்ணன் ஒரு கவர் மடித்தார்’ என்பது போதாது. ‘இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தேன். நிமிர்ந்தார். ஒரு தாளை நானே பாதி மடித்து அவர் முன் வைத்தேன். மீதியை மடித்தார். அடுத்த தாளைப் பார்த்தார், எடுக்கவில்லை.’ இப்படி எழுதுங்கள். ‘சோம்பல்’, ‘அக்கறையில்லை’, ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொற்கள் உங்கள் நோட்டில் வந்தால் அடித்துவிட்டு, எதைக் கண்ணால் கண்டதால் அந்தச் சொல் வந்தது என்று எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயம் ஆகிவிடுமே என்ற பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான். உங்கள் குறிப்பைப் படிக்கும் இன்னொருவர் அதே நிலையைக் குறிக்க முடிந்தால் அது உங்கள் அபிப்பிராயம் மட்டும் அல்ல.

எத்தனை நிமிடம் என்று கேட்டீர்கள். நான் ஒரு தடவைக்கு இருபது நிமிடம் பார்ப்பேன், அரை மணிக்கு மேல் போவதில்லை. ஆனால் குறைந்தது ஐந்து வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வேளையில் பார்ப்பேன். சாப்பாட்டு வரிசையில், தேநீர் நேரத்தில், துணி காயப்போடும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றுமே நடக்காத நேரத்தில். கூடத்தில் சும்மா இருப்பவர் தண்ணீர்க் குழாயடியில் தானாகச் செய்பவராக இருப்பார். அந்த இரண்டின் சராசரியை எடுக்கக் கூடாது. அந்த வித்தியாசம்தான் உங்கள் மதிப்பீடு.

பார்க்கும்போது நோட்டோடு நிற்காதீர்கள். நீங்களும் உட்கார்ந்து கவர் மடியுங்கள். கை வேலையில் இருந்தால் கண் இயல்பாகச் சுற்றும். நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உடம்பு மேசையை நோக்கிச் சாய்கிறதா விலகுகிறதா, யாராவது தப்பாகச் செய்தால் முகம் மாறுகிறதா, எழுந்து போகும்போது ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கிறாரா. ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினால் நினைவு தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும்.

அந்த 14-ஐயும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முதலில் சுற்றிப் பார்த்துத் தொட்டுப் பார்க்கும் கட்டம், அடுத்து கை பழகும் கட்டம், கடைசியில் சாதிக்கும் கட்டம். ஒன்பது வருடம் ஒரே வாசலுக்குள் இருந்தவர் முதல் கட்டத்தில் இருப்பார். அவரிடம் சவாலைத் தேடுகிறாரா என்று பார்த்து ‘இல்லை’ குறிப்பது, தவழும் குழந்தையைப் பார்த்து ‘ஓடவில்லை’ என்று எழுதுவதற்குச் சமம். இங்கிலாந்தில் விங், பிரௌன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960 முதல் 1968 வரை மூன்று மனநல மருத்துவமனைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். நாளில் ஒன்றும் செய்யாமல் கழியும் நேரம் கூடக் கூட, பேச்சும் செயலும் குறைந்து நோயாளிகள் ஒடுங்கிப்போகும் நிலையும் கூடவே கூடியதைக் கண்டார்கள். நோய் ஒருவரை முடக்குகிறது, உண்மைதான்; வெறும் நேரமும் முடக்குகிறது. உங்கள் படிவத்தில் இரண்டாவதற்குக் கட்டமே இல்லை.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். நம் வார்டுகளில் சொன்னதைச் செய்பவர் ஊக்கமுள்ளவர். சொல்லாததைச் செய்பவர் தொல்லை. கீழ்ப்படிதலை ஊக்கம் என்று எழுதிப் பழகிவிட்டோம். நாள் முழுக்கச் சொன்னபடி 200 கவர் ஒட்டும் ஒருவர், சொல்லும் ஆள் விடுப்பில் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு உங்கள் படிவத்தில் ‘நன்று’ விழுந்திருக்கும். போய்ப் பாருங்கள்.

கடைசியாக, ஒட்டியதைப் பிரிக்கிறார் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஏழு மாதத்தில் அவர் யாரும் சொல்லாமல் செய்ததாக உங்கள் பதிவில் இருக்கும் ஒரே செயல் அது. எதைப் பிரிக்கிறார்? யார் ஒட்டியதை? பிரித்த தாளை என்ன செய்கிறார்? அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் அம்மா.


இரவுப்பணி

நான் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். தறிமேடை அக்கா சொன்னதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் 14-ஐக் குறிக்க உட்காருமுன் பார்க்க வேண்டியவை சில உள்ளன.

முதலில் நேரம். இரவு குளோசபின் எடுப்பவரைக் காலை பத்து மணிக்குப் பார்ப்பது அவருடைய மிக மோசமான வேளையில் பார்ப்பது. முந்தின நாள் மயக்கம் கண்ணிலேயே இருக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும். மாலை நான்கு மணிக்கு ஒரு முறை கட்டாயம் பாருங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று செவிலியரிடம் கேளுங்கள். இந்த மருந்தில் அது சாதாரணத் தொந்தரவு இல்லை, ஆபத்தில் முடிந்ததும் உண்டு. வயிறு உப்பிய மனிதர் மேசைமேல் குனிய மாட்டார். வேறு மருந்தும் சேர்ந்திருந்தால் நடக்கும்போது கை வீசுகிறாரா, இமை கொட்டுவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்தால் வரும் இறுக்கம், மனச்சோர்வு, நோயின் ஒடுக்கம் மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மனச்சோர்வு உள்ளவர் தன்னைக் குறைத்துப் பேசுவார், கண் கலங்குவார். இறுக்கம் உள்ளவர் தொடங்கத்தான் சிரமப்படுவார், தொடங்கிவிட்டால் போவார்.

இரண்டாவது மிக எளியது. வயது 46. வெள்ளெழுத்து வந்திருக்கும். ஒன்பது வருடத்தில் யாராவது அவருக்குக் கண் பரிசோதனை செய்திருக்கிறார்களா? மருந்துக் கவரின் மடிப்புக்கோடு கிட்டத்தில் தெரியாத ஒருவர் ஒன்று மடித்துவிட்டு நிறுத்துவதில் என்ன ஆச்சரியம்?

மூன்றாவது, “என்ன பிடிக்கும்” என்று கேட்டால் பதில் வராததற்கும் காரணம் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு ஒரு இன்பம் கையில் இருக்கும்போது அதை உணர்வது பெரிதாகக் குறைவதில்லை. வரப்போகும் இன்பத்தை முன்கூட்டி மனத்தில் காண்பதுதான் குறைகிறது. டீ குடிக்கும்போது நன்றாக ரசிப்பார். டீ வேண்டுமா என்றால் எழ மாட்டார். அதனால் கேள்வியை விட்டுவிட்டு, செயலுக்குள் அவரை உட்கார வைத்துப் பார்க்கும் அக்காவின் வழி சரியானது.

ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பிரிப்பதை உடனே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளோசபின் எடுப்பவர்களில் சிலருக்கு எண்ணச் சுழற்சியும் கட்டாயச் செயல்களும் புதிதாக வருவது தெரிந்த விஷயம். ஒட்டுவதும் பிரிப்பதுமாக நிறுத்த முடியாமல் போகிறதா, நடுவில் தடுத்தால் பதறுகிறாரா என்று பாருங்கள். பதறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது என் பக்கத்து வேலை.


தம்பியின் அக்கா

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் தம்பிக்கு 15 வருடமாக இந்த நோய். பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றுக்கு இரண்டு வருடம் அனுப்பினோம். அங்கும் இதே போன்ற படிவம்தான். ‘ஆர்வம் இல்லை, தூங்கி வழிகிறார்’ என்று எழுதித் தந்தார்கள். படித்துவிட்டு அப்பா அழுதார்.

எங்களுக்குத் தோட்டம் உண்டு. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பெரும்பாலும் நடு இரவில்தான் வரும். என் தம்பி இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ தானாக எழுந்து, டார்ச் எடுத்துக்கொண்டு போய், மோட்டாரைப் போட்டு, மடை மாற்றிவிட்டு வருவான். யாரும் எழுப்பியதில்லை. மாத்திரை மயக்கத்தோடு எப்படி எழுந்தான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவன்தான் அந்த மையத்தில் காலையில் தூங்கி வழிந்தவன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆளையும் தங்கவைப்பார்கள், அங்கேயே சமைத்துச் சாப்பிடலாம். அதன் அருமை எனக்கு இப்படித்தான் விளங்கியது.

உங்கள் ராசு அண்ணனுக்குச் சொல்ல யாரும் இல்லை என்கிறீர்கள். பழைய கோப்பு இருக்கும், தேடுங்கள். அவரோடு நீண்ட நாள் இருக்கும் பக்கத்துக் கட்டில்காரரைக் கேளுங்கள். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. அவரைப் பார்க்கப்போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். என் தம்பிக்கு நோயின் தொடக்கமே யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற பயம்தான். மையத்தில் ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டே அவனைப் பார்த்ததை அவன் ஒரு மாதம் சொல்லிச் சொல்லி நடுங்கினான். அந்தப் பெண் நல்ல பெண்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.


தறிமேடை

தம்பியின் அக்கா சொன்ன கடைசி விஷயத்தை நான் சொல்லாமல் விட்டது என் தவறு. “அண்ணா, உங்களுக்கு எந்த வேலை ஒத்துவருகிறது என்று இந்த வாரம் பார்த்து எழுதப்போகிறேன். எழுதியதைக் காட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொன்னால் இயல்பு மாறிவிடும் என்ற பயம் வேண்டாம். முதல் நாள் மாறும், மூன்றாம் நாள் மறந்துவிடும்.


வைகைக்கரை

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. ஆறு தடவை பார்த்தேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன்; “சரி” என்றார்.

முதலில் கண். செவிலியர் அக்காவின் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டுச் செய்தித்தாளைக் காட்டினேன். தாளை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் அழைத்துப் போக அனுமதி வாங்கியிருக்கிறேன். ஏழு மாதம் எனக்கு இது தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சாப்பாட்டு வரிசையில் சும்மா நிற்கிறார், முன்னால் இருப்பவர் நகர்ந்தாலும் யாராவது தொட்டால்தான் நகர்கிறார். தோட்டத்திலும் அப்படியே. ஞாயிறு மதியம் மற்றவர்கள் படித்துவிட்டு இறைத்துப் போட்ட செய்தித்தாள்களை எடுத்து, பக்க எண்படி அடுக்கி, விளிம்பை மேசையில் தட்டிச் சமன் செய்து வைத்தார். யாரும் சொல்லவில்லை. இதை அவர் பல வருடமாகச் செய்கிறார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இனி கவர். மாலை நான்கு மணிக்கு ஒரு அமர்வு ஏற்பாடு செய்தேன். அன்று அவர் பிரித்தது 11 கவர். நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். எட்டு கோணலாக ஒட்டியவை. மூன்று எனக்குச் சரியாகவே தெரிந்தன; அவை ஏன் என்று விளங்கவில்லை. அந்த எட்டில் ஐந்தை அவரே மறுபடி மடிப்புக்கோட்டில் நேராக மடித்து, நகத்தால் அழுத்தி, தனியாக வைத்தார். ஒட்டவில்லை. ஏன் என்று பார்த்தால் மைதாப் பசைக் கிண்ணம் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. அவரைக் கடைசிக்கு மாற்றியது நாங்கள்தான். மறுநாள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை அவர் பக்கம் வைத்தேன். இரண்டை ஒட்டினார்.

இரவுப்பணி சொன்னபடி நடுவில் தடுத்தும் பார்த்தேன். டீ வந்துவிட்டது என்றேன், வைத்துவிட்டு எழுந்தார். பதற்றம் எதுவும் இல்லை. இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பழைய கோப்பில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் இருக்கிறது. “முன்னால் என்ன வேலை அண்ணா?” என்று கேட்டேன். வெகு நேரம் கழித்து “கட்டிங்” என்றார். உதவியாளர் அதை மது என்று எடுத்துக்கொண்டு, அவர் குடிகாரர் என்று குறிப்பில் எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் கட்டிங்காக இருக்கலாம், தையற்கடைக் கட்டிங்காகவும் இருக்கலாம். மறுபடி கேட்டால் “சரி” என்கிறார்.

என் சந்தேகம் இதுதான். தவறைத் திருத்த முயல்வதற்குத் ‘தானாக’ என்றும், தொடங்குவதற்குக் கூடத்தில் ‘தயங்கி’ என்றும், செய்தித்தாளில் ‘தானாக’ என்றும் குறித்திருக்கிறேன். ஆனால் இல்லத்தின் படிவத்தில் இருப்பது ஒரே கட்டம். நாளை மறுநாள் கூட்டம். அதில் எதைக் குறிப்பது?


தறிமேடை

கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதி, இங்கே எழுதியதையே ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து சேருங்கள். பசைக் கிண்ணம் எங்கே இருந்தது என்ற வரி கட்டாயம் அதில் இருக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது “மொத்தத்தில் ஊக்கம் இருக்கிறதா இல்லையா?” என்று கேட்பார்கள். அந்த ஐந்து கவரையும் கையோடு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். அவரைக் கூடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று வாய் திறந்து சொல்லுங்கள். புதியவள், ஏழு மாதக்காரி என்று தயங்காதீர்கள். அந்த அறையில் அவரை ஆறு தடவை உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்த மூன்று கவரை விட்டுவிடாதீர்கள். உள்பக்கம் பசை வழிந்திருக்கிறதா, மூன்றையும் ஒட்டியது ஒரே ஆளா என்று பாருங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்று அப்படியே எழுதுங்கள். இரவுப்பணி தம்பியின் சந்தேகம் அந்த மூன்றில்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது.

‘கட்டிங்’ என்ன என்று மறுபடி கேட்க வேண்டாம். கண்ணாடி வந்த பிறகு ஒரு மாலை அவர் மேசையில் இரண்டு பொருளை வையுங்கள். ஒரு பக்கம் ஓரம் ஒழுங்கில்லாத காகிதக் கட்டும் இரும்பு ஸ்கேலும். மறுபக்கம் ஒரு துண்டுத் துணியும் சாக்பீசும் அளவு நாடாவும். கத்தரிக்கோல் அன்றைக்கு வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் முனை மழுங்கியதை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இரும்பு ஸ்கேலுக்கும் அதே கணக்கு. வைத்துவிட்டு நீங்கள் எதிரில் உட்கார்ந்து உங்கள் கவரை மடியுங்கள். முதலில் எந்தப் பக்கம் கை போகிறது, எத்தனை நிமிடம் கழித்துப் போகிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் போகாவிட்டால் அதையும் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து கவர் என்றீர்களே, அதற்கான காசை அவர் கணக்கில் போட்டாகிவிட்டதா?